ஹீட்டரில் கோளாறு எதுவும் இல்லை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் வெந்நீர் வராமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வராமல் போனது என்று சொல்வதுகூடத் தப்பு. வந்தது. ஆனால் வெந்நீராகவும் இல்லாமல் பச்சைத் தண்ணீராகவும் இல்லாமல், யாரோ பாதி குடித்து மறந்துவிட்டுப் போன காபி மாதிரி வெதுவெதுவென்று வந்தது. தலை நிறைய நுரையோடு நின்றவர் வெந்நீர்க் குழாயை முழுசாகத் திருகினார். பக்கத்துக் குழாயை இறுக்கி மூடினார். ஒரு மாற்றமும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்து முடித்து, இடுப்புத் துண்டோடு வெளியே வந்து கத்தினார்.

"இந்த வீட்டுல ஹீட்டர் போட யாருக்கும் ஞாபகம் இல்லையா?"

"ஆறு மணிக்கே போட்டாச்சுங்க," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "சிவப்பு லைட்டு எரிஞ்சு அணைஞ்சே போச்சு."

விளக்கு அணைந்தது என்றால் தண்ணீர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாதா? இருபத்து நான்கு வருஷமாக எந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது அவர் கைவண்ணம்தான். பன்னிரண்டாவது மாடிக்கும் பதின்மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுதவர்களைப் பத்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்தவர். அப்பேர்ப்பட்ட ஆள், குளியலறைச் சுவரில் தொங்கும் எண்பது லிட்டர் டாங்க்குக்கு வெளியாளைக் கூப்பிடுவதா? ஊர் சிரிக்காதா?

அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வேலையில் இறங்கினார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டாங்க்கின் அடி மூடியைத் திறந்தார். மீட்டரை வைத்து எலிமெண்ட்டைச் சோதித்தார். இருபத்தாறு ஓம். அச்சாக இருக்க வேண்டிய அளவு. கசிவு உண்டா என்று பார்த்தார். இல்லை. ஒயர் முனைகள் கருகியிருக்கின்றனவா? புதுப் பெண் மாதிரிப் பளபளவென்று இருந்தன. தெர்மோஸ்டாட்டின் சிவப்புப் பொத்தான் துள்ளியிருக்கிறதா? அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவருக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. கெட்டுப்போன சாமானைப் பார்த்தால் மெக்கானிக்குக் கோபம் வராது. நல்லா இருக்கேன் என்று சாதிக்கும் சாமானைப் பார்த்தால்தான் வரும்.

புதன்கிழமை காலையும் வெதுவெதுப்பு. வியாழக்கிழமையும் வெதுவெதுப்பு. வியாழன் மாலை, தெருமுனையைத் தாண்டி இருந்த உதிரி பாகக் கடைக்குப் போனார். அந்தக் கடையை நடத்துகிற அம்மாளுக்கு அந்த வட்டாரத்தில் 'வாஷரக்கா' என்று பேர். எந்தக் குழாயின் வாஷரைக் காட்டினாலும் அளந்து பார்க்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

"தெர்மோஸ்டாட் ஒண்ணு குடுங்க."

"போச்சா?"

"போன மாதிரிதான் இருக்கு. சூடாகறதுக்கு முன்னாடியே கட் பண்ணிடுது போல."

"போல," என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாட்டி முடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஷவரைத் திறந்தவர் "ஆ!" என்று பின்னால் குதித்தார். தோல் வழண்டுவிடும்போல அப்படி ஒரு சூடு. குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த மனைவியிடம், "தெர்மோஸ்டாட்தான். நான் சொன்னேன்ல?" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அவளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் வெதுவெதுப்பு.

தொடர்ந்து கெட்டுக் கிடக்கும் எந்திரத்தை எப்படியும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். நினைத்தால் வந்து, நினைத்தால் போகிற கோளாறு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். அவர் வேலையில் அதற்கு மருந்து ஒன்று உண்டு. பதிவேடு. எந்த நேரத்தில், எந்த மாடியில், யார் ஏறும்போது லிஃப்ட் நின்றது என்று எழுதிக்கொண்டே வந்தால் எப்படிப்பட்ட கள்ளனும் பிடிபட்டுவிடுவான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய காகிதத்தில் கோடு போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினார். தேதி, நேரம், குளித்தது யார், எவ்வளவு தண்ணீர், சூடு எப்படி. ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

வீட்டில் எழுத வேண்டியவர்கள் மூன்றே பேர். மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவர், மனைவி, மனைவியின் தம்பி. அந்த மைத்துனன் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவன் குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும் வரைக்கும் மகளின் அறையில் இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அவன் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, குளித்து, நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான். மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவான். ராத்திரி எட்டு அடித்தால் அவன் அறையில் விளக்கு அணைந்துவிடும். வெள்ளியும் திங்களும் அவனுக்கு விடுமுறை.

"என்ன மாமா, குளிக்கறதுக்கும் அட்டென்டன்ஸா?" என்று மைத்துனன் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினான். '3.40, நான், அரை வாளி, வெதுவெதுப்பு.' மனைவியின் எழுத்து போகப் போகக் கோழி கிண்டின மாதிரி ஆனது. தண்ணீரின் அளவை அவள் எழுதவே இல்லை. 'குளிச்சேன்' என்று மட்டும் இருந்தது. அவள் அவசரத்தில் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் வேலையில் இருந்தாள். காலை ஒன்பதுக்கு அங்கே நிற்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் காகிதத்தைப் பிய்த்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு வாரத்திலும் வெந்நீர் வெந்நீராக வந்தது வெள்ளியும் திங்களும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வெதுவெதுப்பு. வெள்ளியும் திங்களும் யாருக்கு விடுமுறை? யார் விடியற்காலையில் எழுந்து குளிக்காத நாள்?

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அரை வாளியாம்! மூன்றே முக்காலுக்கு ஊரே தூங்கும்போது டாங்க் முழுக்க ஊற்றிக்கொண்டு, காகிதத்தில் அரை வாளி என்று எழுதுகிறான். ஆறு மணிக்கு ஹீட்டரைப் போட்டால் எண்பது லிட்டரும் பச்சைத் தண்ணீரிலிருந்து சூடேற வேண்டும். அப்புறம் எங்கே சுடும்? சிவப்பு விளக்கு சூடான பிறகுதானே அணைகிறது என்கிற கேள்வி அவருக்குள் லேசாக எழும்பியது. கோபம் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு மைத்துனன் வந்தான். சட்டையெல்லாம் மாவு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார்.

"மாப்ள, ஒரு கேள்வி. அரை வாளியா, அரை டாங்க்கா?"

"எது மாமா?"

"நீ குளிக்கிறது."

அவன் முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அரை வாளிதான் மாமா. அந்த நேரத்துல நின்னு குளிக்க எனக்கு எங்க நேரம் இருக்கு?"

"அப்ப இது என்ன?" அவர் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார். "நீ வீட்டுல குளிச்சிட்டுப் போற நாளெல்லாம் வெந்நீர் இல்ல. நீ தூங்கற நாள்ல மட்டும் கொதிக்குது. நானா எழுதினேன் இத? எங்க வேணும்னாலும் பொய் சொல்லு மாப்ள, பேப்பர்ல எழுதிப் பொய் சொல்லாத."

"அவன் அப்படிச் செலவு பண்ற ஆள் இல்லீங்க," என்றாள் மனைவி. குரல் அடைத்திருந்தது. தம்பியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பது போல. அந்தத் தலையாட்டலை அவர் பார்த்தார். அக்காளும் தம்பியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது.

"இருக்க இடம் குடுத்தா..." என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் என்ன? முடித்த மாதிரிதான்.

மைத்துனன் உள்ளே போனான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பைகளோடு வெளியே வந்தான். "டெப்போ பக்கத்துல பசங்க நாலு பேர் சேர்ந்து இருக்காங்கக்கா. வா வான்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க," என்று அக்காளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

போகட்டும் என்று அவர் நினைத்தார். நாளைக்குக் காலையில் ஷவரைத் திறந்தால் தெரியும் யார் சொன்னது சரி என்று.

திங்கட்கிழமை காலையில் திறந்தார். வெதுவெதுப்பு.

திங்கட்கிழமை அதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. செவ்வாயும் வெதுவெதுப்பு. புதன், வியாழன், வெள்ளி. எல்லா நாளும் அதே கதை. முன்பாவது வாரத்தில் இரண்டு நாள் வெந்நீர் வந்தது. இப்போது அதுவும் போய், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை ஆனது. பழி போடவும் வீட்டில் ஆள் இல்லை. மனைவி அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள், போவாள். ஒரு நாள் தம்ளர் ஒன்று அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. "பாத்து எடுக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தார். அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டார். எலிமெண்ட்டையே மாற்றிவிடுவது என்று முடிவு. மீட்டரில் சரியாகக் காட்டினால் என்ன, உள்ளே உப்புப் படிந்திருந்தால்? புது எலிமெண்ட்டும் புது ரப்பர் வளையமும் வாங்கி வந்தார். வாஷரக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

மின்சாரத்தை அணைத்து, வீட்டுக்கே தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடி, டாங்க்கை வடிக்க ஓஸைப் பொருத்தினார். எண்பது லிட்டர் வடிய முக்கால் மணி நேரம். நடுவில் ஓஸ் கழன்றுகொண்டு குளியலறையைத் தாண்டிப் படுக்கையறை வரை தண்ணீர் போனது. துடைத்தார். எலிமெண்ட்டின் நட்டு அசைய மறுத்தது. ஸ்பானரில் தொங்கினார். அது ஒரேயடியாக விட்டுக்கொடுத்ததில் முழங்கை சுவரில் இடித்து, விரல் முட்டி கிழிந்தது. எலிமெண்ட் வெளியே வந்தபோது, கூடவே அடியில் தேங்கியிருந்த வெள்ளை மண்ணும் சகதியும் கொழகொழவென்று அவர் மார்பில் கொட்டியது. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்டவனை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இப்போது பார்த்தும் விட்டார், கண்ணாடியில்.

எலிமெண்ட்டின் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. அவ்வளவுதான். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெறித்தார். பிறகு, வாங்கியது வாங்கியாகிவிட்டதே என்று புதுசை மாட்டினார். டாங்க் நிரம்பும் வரை காத்திருந்து, குழாயில் காற்று கொப்பளிப்பது நின்ற பிறகே சுவிட்சைப் போட்டார். காய்ந்த டாங்க்கில் சுவிட்சைப் போட்டால் எலிமெண்ட் ஒரு நிமிஷத்தில் பொசுங்கிவிடும். எவ்வளவு கோபத்திலும் அந்தப் புத்தி அவருக்கு மழுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெதுவெதுப்பு.

அவர் கத்தவில்லை. கத்துகிற கட்டத்தை எல்லாம் தாண்டியாகிவிட்டது. ஈரத் தலையோடு நேராகக் கடைக்குப் போனார்.

"டாங்க்கே புதுசா வேணும்," என்றார்.

வாஷரக்கா எதையோ எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தெர்மோஸ்டாட் மாத்தினீங்க. எலிமெண்ட் மாத்தினீங்க. இப்ப டாங்க். அடுத்து வீட்ட மாத்துவீங்களா?"

"விளையாடாதீங்க. நாலு வாரமா வெந்நீர் இல்ல எனக்கு."

"டாங்க்ல இருந்து இறங்குது பாருங்க ஒரு பைப்பு, அதத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கை சுடுது."

"சுடுதா? அப்புறம் டாங்க் மேல என்ன கோவம்? அது அதோட வேலையச் செஞ்சிடுச்சு." மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இன்னொரு சாமான் விக்கறது எனக்கு லாபந்தான். ஆனா நாளைக்கு அதையும் தூக்கிட்டு வந்து இங்கதான் நிப்பீங்க. ஒண்ணு செய்யுங்க. ஹீட்டருக்குத் தண்ணி போற வால்வ இறுக்கி மூடுங்க. மூடிட்டு, பாத்ரூம்ல வெந்நீர்க் குழாய மட்டும் திறங்க. என்ன ஆகணும்?"

"தண்ணி நிக்கணும்."

"நின்னா வாங்க, டாங்க் தரேன். நிக்கலன்னா?"

நிற்காமல் வந்தால் அந்தத் தண்ணீர் டாங்க் தண்ணீர் இல்லை. வேறு எங்கிருந்தோ பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டிருக்கிறது. இருபத்து நான்கு வருஷ சர்வீஸுக்கு இது தோன்றாமல் போனதே என்று அவருக்குக் காது மடல் சூடானது. லிஃப்ட்டில் இதைத்தானே தினம் பார்க்கிறார்! மோட்டார் நன்றாக இருக்கும், கயிறு நன்றாக இருக்கும். எட்டாவது மாடியில் ஒரு கதவு அரை விரல் அளவு மூடாமல் இருக்கும். லிஃப்ட் மொத்தமும் நகராது. புதிதாக வருகிறவர்கள் மோட்டாரைப் பிரிப்பார்கள். அவர் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்தார். வால்வை மூடினார். வெந்நீர்க் குழாயைத் திறந்தார். முதலில் வெதுவெதுப்பாக வந்தது. நிற்கவில்லை. ஒரு நிமிஷத்தில் ஜில்லென்று, திடமாக, வெட்கமே இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

வெந்நீர்க் குழாய் அந்த வீட்டில் இரண்டே இடத்துக்குத்தான் போகிறது. குளியலறைக்கு ஒன்று, சமையலறைத் தொட்டிக்கு ஒன்று. அவர் சமையலறைக்கு நடந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு உருண்டைத் திருகுகள். நடுவிலிருந்து ஒரு ஓஸ், அதன் நுனியில் கைப்பிடியை அழுத்தினால் பீய்ச்சுகிற பூவாளி. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவர்தான் மாட்டிக் கொடுத்தார். பூவாளி கொக்கியில் அமைதியாகத் தொங்கியது, ஒரு சொட்டு ஒழுகாமல். அவர் திருகுகளைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் முழுக்கத் திறந்திருந்தன. வழவழவென்ற உருண்டை, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வெறும் பார்வையில் சொல்ல முடியாது. பூவாளிதான் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர், திறந்த வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் நுழைந்து ஷவர் வரைக்கும் போயிருக்கிறது.

"இது யாரு வேலை?" என்று கத்தினார். நான்கு வாரக் கோபமும் அந்தக் கத்தலில் இருந்தது. மனைவி கூடத்திலிருந்து வந்தாள்.

"எது?"

"இந்தக் குழாய மூடாம விட்டது! ரெண்டையும் திறந்து போட்டுட்டு நுனிய மட்டும் மூடினா பச்சத் தண்ணி அந்தப் பக்கம் போகாதா? நான் டாங்க்க கழட்டிச் சகதியில குளிச்சேன். ரெண்டு திருகு மூட எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு? மூடு பாப்போம்."

"அப்படிப் போகும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"சரி, இப்ப மூடு."

அவள் நின்றாள். பிறகு தொட்டி அருகே வந்து, வலது கையால் அல்லாமல் இடது கையால் திருகைப் பிடித்தாள். அது அவளுக்கு எட்டாத கோணம், வழுக்கியது. ஒரு துணியைப் போர்த்திப் பிடித்தாள். வழுக்கியது. கடைசியில் வலது மணிக்கட்டின் பக்கத்தால் தள்ளிப் பார்த்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். திருகு கால் சுற்று நகர்ந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கையக் காட்டு," என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"காட்டுன்னா காட்டு."

கட்டைவிரலின் அடிப்பக்கம் வீங்கி, தோல் பளபளத்தது. அவர் விரலால் லேசாகத் தொட்டதற்கே "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாகக் கனமான கத்தரிக்கோல் பிடிக்கிற கை. போன மாதம் ஒரு விடுதிக்கு நாற்பது ஜன்னல். வெளிச்சம் புகாத தடித் துணி, இரட்டை மடிப்பு. அதை வெட்டி முடித்ததிலிருந்துதான் இப்படி என்றாள். காலையில் கொஞ்சம் தேவலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிடிமானமே இருக்காது. பூவாளியை உள்ளங்கையால் அழுத்தினால் போதும், அதனால் அதை வைத்தே ஒப்பேற்றிவிட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? முதல்ல ஒரு மணி நேரம் திட்டுவீங்க. அப்புறம் வேலைய விடுன்னுவீங்க. நான் சரின்னு சொல்றதுக்குள்ள ஓனருக்குப் போன் போட்டுருவீங்க. எனக்கு அந்த வேலை பிடிக்கும்ங்க."

அவர் அதே வரிசையில்தான் செய்திருப்பார்.

"தம்பிக்குத் தெரியும்," என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு நாள் நான் சட்டிய கீழ போட்டப்பப் பாத்துட்டான். அவன் லீவுக்கு முந்தின நாள் ராத்திரியெல்லாம் அவன்தான் பாத்திரம் கழுவினான். ஓஸ் வெடிச்சா வீடு நாறிடும்னு கழுவி முடிச்சுக் குழாயையும் லேசா மூடி வைப்பான். மத்த நாள்ல சீக்கிரம் தூங்கிடுவானே. அன்னிக்கு நான் சொல்ல வந்தேன். அவன்தான் தலைய ஆட்டினான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான் அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

வெள்ளியும் திங்களும். அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டார். காகிதம் பொய் சொல்லவில்லை. வெந்நீரைக் குடித்துத் தீர்த்தவன் என்று அவர் வீட்டை விட்டு அனுப்பியவன்தான், வாரத்தில் இரண்டு நாளாவது வெந்நீர் வரச் செய்தவன்.

மதியமே ரொட்டி டெப்போவுக்குப் போனார். மைத்துனன் வேனின் பின்பக்கத்திலிருந்து காலித் தட்டுகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அவர் ஒரு பக்கம் நின்று, தானும் இரண்டு தட்டுகளைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார். கோணலாக வைத்தார். அவன் அதை நேராக்கினான்.

"ஹீட்டர் சரியாயிடுச்சு," என்றார்.

"நல்லது மாமா."

"ஹீட்டர்ல கோளாறே இல்ல. அக்கா கை..."

அவன் சட்டென்று திரும்பினான். "சொல்லிட்டாளா? அப்பாடா. டாக்டர்கிட்ட எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?"

"நாளைக்குக் காலையில." லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆறுதல் சொல்லிப் பழகிய வாய், இதற்கு வரமாட்டேன் என்றது. "தப்பு என் மேலதான் மாப்ள. நான் பேசினது... அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காத."

அவன் இன்னும் நாலு தட்டுகளை இறக்கினான்.

"தண்ணிக்காக இல்ல மாமா," என்றான் பிறகு. "பேப்பர் ஒட்டினீங்க. சிரிச்சுக்கிட்டேதான் எழுதினேன். தூக்கக் கலக்கத்துல பென்சிலத் தேடி எழுதினேன். ஒரு நாள்கூடப் பொய் எழுதல. நீங்க அது பொய்னு முடிவு பண்ணிட்டுத்தான் படிச்சீங்க. அதான் வலிச்சுது."

"வீட்டுக்கு வா," என்றார்.

"வரேன். வெள்ளிக்கிழமை சாப்பிட வரேன். ஆனா இங்கயே இருந்துக்கறேன் மாமா. வேலைக்குப் பக்கம், அரை மணி நேரம் கூடத் தூங்கலாம்." கொஞ்சம் யோசித்து, "கோவத்துல சொல்லல," என்று சேர்த்துக்கொண்டான். அது பாதி உண்மை என்று அவருக்குப் புரிந்தது. மீதியைக் கேட்டு வாங்குகிற உரிமை தனக்கு இல்லை என்பதும் புரிந்தது.

திங்கட்கிழமை மருத்துவர் விரலை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, தசைநார் வீக்கம் என்றார். மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கிற பட்டை ஒன்றைக் கொடுத்தார். ஆறு வாரத்துக்குக் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்றார். கடை முதலாளி அவளை அளவெடுக்கும் வேலைக்கு மாற்றினார். யாரும் போன் போடவில்லை. அவளே போய்ப் பேசிக்கொண்டாள். ஆனால் தன் மேஜையில் வேறொருத்தி கோணல்மாணலாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து தினமும் பொருமினாள். அந்தப் பொருமலை எல்லாம் கேட்க வீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

உருண்டைத் திருகுகளைக் கழற்றிவிட்டு, முழங்கையால் தட்டினாலே திறந்து மூடுகிற ஒற்றைக் கைப்பிடிக் குழாயைச் சமையலறையில் மாட்டினார். தண்ணீர் தப்பான பக்கம் திரும்பி ஓடாதபடி அடியில் இரண்டு சின்ன வால்வுகளும் வைத்தார். அதை வாங்கப் போனபோது வாஷரக்கா ஒரு வார்த்தைகூடக் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக உறைத்தது. ஷவரில் இப்போது எல்லா நாளும் வெந்நீர் வந்தது. ஆனால் ராத்திரிப் பாத்திரம் எல்லாம் அவர் தலையில் விழுந்ததால், அடிப்பிடித்த சட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டுக் காலையில் இடுப்பு வலியோடுதான் அதற்கு அடியில் போய் நின்றார்.

காலை எட்டரைக்கு அவள் வலது கையை அவர் முன்னால் நீட்டுவாள். பட்டையில் இழுத்து ஒட்ட வேண்டிய மூன்று வார்கள். ஒரு கையால் போட்டுக்கொள்ள வராது.

"ரொம்ப இறுக்காதீங்க. ரத்தம் ஓட வேணாமா?"

அவர் தளர்த்தினார்.

"இப்ப லூசா இருக்கு. கழண்டுடும்."

அவர் மூச்சை இழுத்து விட்டார். மூன்றாவது முறையாகக் கழற்றி, அடியிலிருந்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.